நடு சீட் யாருக்கு?

ஐந்து பேர் போகலாம் என்று சொல்லி விற்கிற கார்களில் நான்கு பேருக்குத்தான் ஒழுங்கான இடம் இருக்கிறது. ஐந்தாவது ஆளுக்குக் கிடைப்பது பின்சீட்டின் நடு. மடக்கி வைத்த ஹேண்ட்ரெஸ்ட் முதுகில் கல் மாதிரி முட்டும். காலுக்குக் கீழே தரை மேடாக இருப்பதால் முழங்கால்கள் இரண்டும் ஒட்டிக்கொண்டு மேலே தூக்கி நிற்கும். பிடித்துக்கொள்ளக் கைப்பிடி இல்லை, ஜன்னல் இல்லை, பல வண்டிகளில் தலை சாய்க்க ஹெட்ரெஸ்ட்டும் இல்லை. உங்கள் வீட்டில் அந்த இடத்தில் யார் உட்கார்கிறார்கள் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் அம்மா.

மயிலாடுதுறையிலிருந்து கல்யாணம், கோயில் என்று வாடகை அம்பாசடரில் போன காலத்திலிருந்து அம்மாவின் இடம் அதுதான். அப்பா முன்னால். சித்தப்பாவுக்குக் காற்று வேண்டும் என்று ஒரு ஜன்னல். பாட்டிக்கு வாந்தி வரும் என்று இன்னொரு ஜன்னல். நடுவில் அம்மா, மடியில் நான், என் மடியில் புளிசாதத் தூக்கு. வைத்தீஸ்வரன்கோயில் போய் இறங்கியதும் எல்லோரும் கை காலை உதறிவிட்டு நடப்பார்கள். அம்மாவுக்கு மட்டும் கால் மரத்துப்போய் இரண்டு நிமிடம் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார். “உங்கம்மாவுக்கு எப்பவும் லேட்டுதான்” என்று அப்பா சொல்லிக்கொண்டே முன்னால் நடந்துவிடுவார்.

2023இல் அப்பா போனபிறகு அம்மா எங்களோடு வந்துவிட்டார். நாங்கள் இருப்பது தாம்பரத்துக்கு மேற்கே முடிச்சூரில். ஓசூரில் அண்ணன் இருக்கிறான், அவன் வீட்டுக்குப் போகவில்லை, என் வீட்டுக்கு வந்தார். “பையன் இருக்கும்போது பொண்ணு வீட்டுலயா?” என்று ஊரில் கேட்டவர்களுக்கு அம்மா சொன்ன பதில், “அங்க மாடிப்படி ஜாஸ்தி.” முழங்கால் தேய்மானம் உண்மைதான். ஆனால் எங்கள் வீடும் முதல் மாடியில்தான் இருக்கிறது. அம்மாவின் பதில்கள் இப்படித்தான் இருக்கும், இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதே ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல். 2015 வெள்ளத்தைப் பார்த்த ஏரியா என்பதால், மழை என்றாலே இங்கே அடையாற்றுத் தண்ணீரைப் பற்றித்தான் பேச்சு. வேளச்சேரிக்காரர்கள் கார்களை மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்தியதை டிவியில் பார்த்திருப்பீர்கள். எங்களுக்கு அப்படி ஏற்றப் பாலமும் பக்கத்தில் இல்லை. 12 வயதான எங்கள் ஹேட்ச்பேக்கின் சீட் வரை தண்ணீர் ஏறி இறங்கியது. அப்போது எனக்கு இரண்டாவது பிரசவத்துக்கு ஆறு மாதம் இருந்தது. மூத்தவளுக்கு ஏழு வயது. ஆக, வண்டி போய்விட்டது, வீட்டில் ஆள் கூடிவிட்டது.

ஷோரூமில் முதலில் கேட்கிற கேள்வி, “ஃபேமிலி எத்தனை பேர் சார்?” கேள்வி இணையரிடம். அவர் “அஞ்சு” என்றார். விற்பனையாளர் தம்பி என் வயிற்றைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், எண்ணினார். “நீங்க, மேடம், பாப்பா, வரப்போற குட்டி. நாலுதானே சார்?” ஐந்தாவது என் அம்மா என்றேன். “ஓ, அவங்க எப்பவாவதுதானே வருவாங்க” என்றார்.

வளரும் குடும்பம் என்று விளம்பரங்களில் வருகிற குடும்பத்தை யோசித்துப் பார்த்தேன். அது கீழ்நோக்கி மட்டும்தான் வளர்கிறது. குழந்தை பிறக்கும், நாய்க்குட்டி வரும், டிக்கியில் சைக்கிள் ஏறும். முட்டி வலியோடு ஒரு பெண்ணின் அம்மா வந்து சேரும் குடும்பம் அந்தப் படங்களில் இல்லை. அப்படியே யாராவது பெரியவர் வந்தாலும் அவர் பையனைப் பெற்றவராகத்தான் இருப்பார்.

நாங்கள் தேடியது காம்பேக்ட் எஸ்யூவி. நான்கு மீட்டருக்குள் அடங்கும், பார்க்க ஜீப் மாதிரி உயரமாக இருக்கும் வண்டி. இந்த வண்டிகள் எல்லாமே ஏன் 3,995 மில்லிமீட்டர், 3,994 மில்லிமீட்டர் என்று சொல்லிவைத்த மாதிரி இருக்கின்றன என்ற கேள்விக்குப் பதில் வரியில் இருக்கிறது. 2006 மத்திய பட்ஜெட்டில் சிறிய கார்களுக்கு வரியைக் குறைத்தார்கள். சிறியது என்றால் நீளம் நான்கு மீட்டருக்குள், பெட்ரோல் என்ஜின் 1,200 சி.சி.க்குள், டீசல் 1,500 சி.சி.க்குள். அதன்பிறகு கம்பெனிகள் நான்கு மீட்டர் ஸ்கேலை வைத்துக்கொண்டு வரைய ஆரம்பித்தன. 2013இல் எங்கள் வீட்டிலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் அதிகத் தூரமில்லாத மறைமலைநகரில் தயாரான ஃபோர்டு ஈக்கோஸ்போர்ட்தான் இந்த வகைக்குப் பெரிய சந்தையைத் திறந்துவிட்டது. அந்தத் தொழிற்சாலை 2022இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. வகை மட்டும் பெருகிவிட்டது. 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி.யை மாற்றியபோதும் கோடு அதே நான்கு மீட்டரில்தான் நின்றது: உள்ளே இருந்தால் 18 சதவீதம், தாண்டினால் 40.

முன்னால் என்ஜின் வேண்டும், பின்னால் சூட்கேஸ் அடுக்கிக் காட்ட டிக்கி வேண்டும், ஓட்டுகிறவருக்குக் கால் நீட்ட இடம் வேண்டும், வெளியிலிருந்து பார்த்தால் கம்பீரமாகத் தெரிய வேண்டும். இவ்வளவையும் நான்கு மீட்டரில் திணித்தபிறகு மிச்சம் இருப்பதுதான் பின்சீட். அந்த மிச்சத்தின் மிச்சம் நடு சீட்.

மூன்று ஷோரூம், ஐந்து வண்டி. பெயர்களை எழுதவில்லை. இதை நீங்கள் படிக்கும்போது எல்லாம் புது மாடலாகியிருக்கும். தவிர, என் பிரச்சினை எந்த ஒரு கம்பெனியோடும் இல்லை. நான் கையில் தையல் டேப்பை எடுத்துக்கொண்டு போனேன். விற்பனையாளர் குதிரைத்திறனைப் பற்றி இணையரிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போது நான் பின்கதவைத் திறந்து அளந்துகொண்டிருந்தேன். பின்சீட் அகலம் ஒன்றில் 128 செ.மீ., இன்னொன்றில் 134. குழந்தைக்கான சீட் 44. மூத்தவளை உயர்த்தி உட்கார வைக்கிற பூஸ்டர் 43. இரண்டையும் வைத்தால் நடுவில் மிஞ்சுவது முக்கால் மணை அகலம்.

“அம்மா நடுவுல உக்காந்தாங்கன்னா ரெண்டு பக்கமும் பேரப்பிள்ளைங்க. ஜாலியா இருக்கும்ல மேடம்?” என்றார் அந்தத் தம்பி. நல்ல பிள்ளைதான். அம்மாவை ஒருமுறை அந்த நடுவில் ஏற்றி இறக்கிப் பாருங்கள் என்றேன். அம்மா கூச்சப்பட்டார். “அதெல்லாம் நான் எப்படியாவது உக்காந்துக்குவேம்மா, நீங்க உங்களுக்குப் பிடிச்சத வாங்குங்க.” அந்த ‘எப்படியாவது’வின் மேல்தான் நான்கு மீட்டர் கார்கள் எல்லாம் ஓடுகின்றன என்று அப்போது தோன்றியது.

பலர் சொன்ன யோசனை, “குழந்தையை அம்மா மடியில வெச்சிக்கிட்டா ஒரு சீட் மிச்சம்.” இதைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். வண்டி 50 கி.மீ. வேகத்தில் எதிலாவது மோதி நின்றால் 10 கிலோ குழந்தையை முன்னால் இழுக்கும் விசை 100 கிலோவுக்கும் அதிகமான எடையைப் போல இருக்கும். எந்த அம்மாவின் கையும், எந்தப் பாட்டியின் கையும் அதைப் பிடித்து நிறுத்தாது. ஆனாலும் நம் ஊரில் தாயின் கையை ஒரு பாதுகாப்புச் சாதனமாகவே நம்புகிறோம். பெல்ட் வாங்க வேண்டாம், சீட் வாங்க வேண்டாம், பெற்றவள் பிடித்துக்கொள்வாள். பிடி நழுவினால் பழியும் அவளுக்குத்தான். 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் பயணித்தால் ஆயிரம் ரூபாய் அபராதம் என்று இருக்கிறது. அந்த அபராதம் கட்டிய யாரையும் நான் இதுவரை சந்தித்ததில்லை. பின்சீட்டின் இரண்டு ஓரங்களிலும் குஷன் இடுக்கில் ஐசோஃபிக்ஸ் என்று இரண்டு இரும்புக் கொக்கிகள் இருக்கும். குழந்தை சீட் அதில்தான் மாட்டும். கைக்குழந்தை என்றால் முகம் பின்பக்கம் பார்த்தபடி. எந்த வண்டி பார்த்தாலும் முதலில் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். சிலவற்றில் துணி இறுக்கமாக மூடி, விரல் நுழையவே நுழையாது.

என் உயரம் 152 செ.மீ. நம் ஊரில் இது குள்ளம் இல்லை, சாதாரணம். ஆனால் ஓட்டுநர் சீட்டில் ஏறினால் நான் விதிவிலக்கு ஆகிவிடுகிறேன். கிளட்ச் முழுசாக அழுத்த சீட்டை முன்னால் தள்ளினால் ஸ்டியரிங் நெஞ்சுக்குப் பக்கத்தில் வந்துவிடும். ஏர்பேக் விரிவதற்கு நெஞ்சுக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவே 25 செ.மீ. இருக்க வேண்டும். ஏழாவது மாத வயிறு இருந்தால் இந்தக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். சீட்டை உயர்த்துகிற வசதி, ஸ்டியரிங்கை முன்னும் பின்னும் நகர்த்துகிற வசதி, கழுத்தை அறுக்காமல் பெல்ட்டை இறக்குகிற வசதி மூன்றும் எனக்கு வேண்டும். மூன்றையும் கேட்டால், “அது டாப் மாடல்ல வரும் மேடம்.” சராசரி ஆணின் உடம்புக்குப் பேஸ் மாடலே போதும். என் உடம்புக்கு ஒரு லட்சத்துக்கு மேல் கூடுதல். அந்தக் கூடுதலில் இலவச இணைப்பாகச் சன்ரூஃப் வரும். சென்னை வெயிலில் கூரையில் கண்ணாடி எதற்கு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. என் கொழுந்தனாருக்கு மட்டும் அதுதான் முக்கியம். வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய குரல் செய்திகளில் பாதி சன்ரூஃப் பற்றியது, பாதி ‘ரீசேல் வேல்யூ’ பற்றியது. யார் ஓட்டப்போகிறார்கள் என்று ஒன்றில்கூட கேட்கவில்லை. இணையர் தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் வேலைக்குப் போகிறவர். வண்டி தினமும் போவது என் பள்ளிக்கூடத்துக்கு.

மோதல் சோதனையில் வைக்கிற பொம்மைகளைப் பற்றி அந்த வாரங்களில்தான் தேடிப் படித்தேன். உலகம் முழுக்க அதிகம் பயன்படும் பொம்மை 1970களில் அமெரிக்காவில் உருவானது. சுமார் 175 செ.மீ. உயரம், சுமார் 78 கிலோ எடை உள்ள ஆண். ‘பெண்’ பொம்மை என்று ஒன்று பிறகு வந்தது. ஆனால் அது அந்த ஆணையே சிறிதாக்கியது, 150 செ.மீ., 49 கிலோ. நம் இடுப்பு எலும்பும் கழுத்தும் வேறு மாதிரி என்ற கணக்கு அதில் இல்லை. சராசரிப் பெண்ணின் உடம்பை ஒட்டி, 162 செ.மீ. உயரமும் 62 கிலோ எடையும் உள்ள பொம்மையை சுவீடனில் ஆஸ்ட்ரிட் லிண்டர் தலைமையிலான குழு காட்டியபோது ஆண்டு 2022. நான் லைசென்ஸ் எடுத்து 13 வருடம் ஆகியிருந்தது. வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட கணக்கில், பெல்ட் போட்ட பெண் ஓட்டுநர்களுக்குப் பலத்த காயம் ஏற்படும் வாய்ப்பு, அதே மாதிரியான விபத்தில் சிக்கிய ஆண்களைவிட 47 சதவீதம் அதிகம். 2019இல் அவர்கள் மறுபடி பார்த்தபோது நேருக்கு நேர் மோதலில் 73 சதவீதம்.

நம் நாட்டில் பாரத் என்கேப் என்ற நட்சத்திரத் தரவரிசை 2023 அக்டோபரில் தொடங்கியது. நேர் மோதல் சோதனையில் முன்னால் இரண்டு சீட்டிலும் அந்த ஆண் பொம்மைகள். பின்னால் ஒன்றரை வயது, மூன்று வயதுக் குழந்தைப் பொம்மைகள். நான் மனதுக்குள் அந்த வண்டியில் எங்கள் வீட்டை ஏற்றிப் பார்த்தேன். இணையருக்குப் பொம்மை இருக்கிறது, பிறக்கப்போகிறவளுக்கு இருக்கிறது. எனக்கு இல்லை, அம்மாவுக்கு இல்லை. நட்சத்திரம் வீண் என்று இதற்கு அர்த்தம் எடுத்துக்கொள்ள வேண்டாம். கூடு நசுங்காத வண்டி எல்லோருக்கும் நல்லது. நாங்களும் நட்சத்திரம் வாங்கிய வண்டிகளை மட்டுமே கடைசிப் பட்டியலில் வைத்தோம். எந்த உடம்புக்குக் கிடைத்த நட்சத்திரம் என்று தெரிந்து வைத்துக்கொண்டால், சீட்டை எவ்வளவு பின்னால் தள்ள முடியும் என்று கடைசி சென்டிமீட்டர் வரை சண்டை போடுவீர்கள்.

ஏழு சீட்டரும் பார்த்தோம். எங்கள் அடுக்ககத்தில் எங்களுக்கு ஒதுக்கிய இடத்தில் ஒரு தூண் இருக்கிறது, அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அம்மாவின் முட்டிக்குத்தான் உயரமான வண்டி. இது எஸ்யூவி மோகம் பிடித்து வாங்கியது இல்லை என்று இங்கே சொல்லிவிடுகிறேன். பழைய காரில் அம்மா சீட்டில் ‘விழுந்து’தான் உட்காருவார், எழுந்திருக்க இரண்டு பேர் வேண்டும். உயரமான வண்டியில் சீட் இடுப்பு மட்டத்துக்கு வருவதால் முதலில் உட்கார்ந்துவிட்டு, பிறகு இரண்டு காலையும் சேர்த்துத் திருப்பி உள்ளே வைத்துவிடலாம். ஆனால் எல்லா உயரமும் ஒன்றில்லை. ஒரு வண்டியில் தரையிலிருந்து சீட் 69 செ.மீ., அம்மாவுக்கு எக்கி ஏற வேண்டியிருந்தது. இன்னொன்றில் 63, பின்பக்கம் அப்படியே பதிந்தது. கதவுக்கு அடியில் இருக்கும் விளிம்பு அகலமாக இருந்தால் புடவைக் கொசுவம் அதில் உரசிச் சேறாகும். கதவே கீழ்வரை வந்து அதை மூடுகிற வண்டியில் சேறு படாது. இதை எனக்குக் காட்டியது அம்மாதான். மூன்றாவது ஷோரூமில் கூச்சம் போய்விட்டது அவருக்கு. “தம்பி, இந்தக் கைப்பிடி மேல இருக்கு. என் கை எட்டாது. இங்க தூண்ல ஒண்ணு வேணும்” என்றார். அந்தத் தம்பி எழுதிக்கொண்டார். எங்கே அனுப்பினாரோ தெரியாது.

அங்கேதான் முன்சீட்டில் அம்மாவை உட்காரச் சொன்னேன். சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளினோம். அம்மா வலது காலை நீட்டினார். முழுசாக நீண்டது. ஒன்றும் சொல்லாமல் கொஞ்ச நேரம் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பின்னால் ஓரத்தில் குழந்தை சீட், இன்னொரு ஓரத்தில் மூத்தவள், ஸ்டியரிங்கில் நான். இணையர் டேப்பை வாங்கி நடு இடத்தை ஒருமுறை அளந்தார். பிறகு தன்னையும் அளந்தார். அவர் ஒல்லி. “நான் பொருந்துவேன்னு நினைக்கிறேன்” என்றார். தியாகம் மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளவில்லை, அதற்காகத் தனியாக நன்றி.

நடுவிலும் மூன்று முனை பெல்ட்டும் ஹெட்ரெஸ்ட்டும் இருக்கிற, தரை மேடு குறைவான, 134 செ.மீ. வண்டியை எடுத்தோம். ஆட்டோமேட்டிக். “லேடீஸ் ஓட்ட ஈஸியா இருக்கும்” என்றார்கள். பெருங்களத்தூரில் மாலை ஆறு மணிக்கு யார் ஓட்டினாலும் அது ஈஸிதான். கடன் என் சம்பளத்தில். படிவத்தில் ‘உரிமையாளர்’ இடத்தில் இணையர் பெயரை அவர்களாகவே அடித்து வைத்திருந்தார்கள், மறுபடி அச்சடிக்க அரை மணி நேரம் ஆனது. சாவியைக் கொடுக்கும் போட்டோவிலும் பெரிய அட்டைச் சாவியை அவரிடம்தான் நீட்டினார்கள். அவர் அதை அம்மாவிடம் கொடுத்துவிட்டார்.

2024 தீபாவளிக்கு முதல்முறையாக ஐந்து பேரும் மயிலாடுதுறை போனோம். திண்டிவனம் தாண்டுவதற்குள் பின்னாலிருந்து முதல் புகார் வந்தது. ஏசி காற்று தனக்கு வரவில்லை என்றார் இணையர். சிதம்பரத்தில் இரண்டாவது, பெல்ட் பூட்டு இடுப்பில் குத்துகிறது. இவ்வளவு நாளாக இதையெல்லாம் ஏன் யாரும் சொல்லவில்லை என்று அவர் கேட்டபோது அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன்.

ஊர் நெருங்க நெருங்க அம்மாவுக்கு நிலைகொள்ளவில்லை. எங்கள் தெருமுனையில், “நிறுத்தும்மா” என்றார். “மாப்பிள்ளைய பின்னால உக்கார வெச்சிட்டு நான் முன்னால வந்து எறங்குனா, பாக்கறவங்க என்ன நெனைப்பாங்க? உன்னைத்தான் பேசுவாங்க.” “அத்தை, பரவால்ல” என்று இணையர் சொன்னதெல்லாம் எடுபடவில்லை. இறங்கி, கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்று, அவர் வெளியே வந்தபிறகு தானே அந்த நடுவில் ஏறி உட்கார்ந்தார். நூறு மீட்டருக்காக. வாசலில் இறங்கும்போது கால் மரத்திருந்தது. அந்த வருடம் பொங்கலுக்கும் அப்படியே, ஒரு காதுகுத்துக்கும் அப்படியே. நான் வாதாடவில்லை. அந்தத் தெருவில் 40 வருடம் வாழ்ந்தது அவர்.

போன தீபாவளிக்குப் போனபோது லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. வழக்கம்போலத் தெருமுனையில் ஓரங்கட்டினேன். பின்னால் இணையர் பெல்ட்டைக் கழற்றிவிட்டுக் காத்திருந்தார். அம்மா எதிர்வீட்டுத் திண்ணையைப் பார்த்தார். அங்கே மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள், எங்கள் வண்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா பெல்ட்டில் கை வைக்கவில்லை.

“எறங்குனா பொடவை நனையும். வாசலுக்கே போ” என்றார்.